அறுபத்தொரு கிலோ நானூறு கிராம்

புதன்கிழமை மூன்று மணிக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: இதயப் பிரிவு டாக்டர், வார்டின் தலைமை நர்ஸ், மருந்தகத்திலிருந்து ஒருவர், ஏழாம் கட்டில் நோயாளியின் கணவர், தகவல் கொடுத்தவர் என்ற முறையில் எட்டாம் கட்டில் நோயாளி, தட்டச்சர்.

பட்டியலில் ஆறு பேர். அறையில் நிரம்பியிருந்த நாற்காலிகள் ஐந்து. நோயாளியின் கணவரும் தட்டச்சரும் ஒரே ஆள். தன்னையே பட்டியலில் இரண்டு தடவை அடித்துவிட்டு, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆஸ்பத்திரியில் அது ஒரு வழக்கம். வீட்டுக்கு அனுப்பிய நோயாளி முப்பது நாளுக்குள் திரும்பி வந்து படுத்துவிட்டால், சம்பந்தப்பட்டவர்கள் கால் மணி நேரம் கூடி உட்கார வேண்டும். யார் மேல் தப்பு என்று கேட்க மாட்டார்கள், ஏன் என்றுதான் கேட்பார்கள். இரண்டும் ஒன்றுதான் என்பது உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். கடைசியில் ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியம் எழுதி ஃபைலில் வைப்பார்கள். இன்னாரை, இன்ன தேதியில், இன்ன காரணத்தால் ரீஅட்மிட் செய்தோம் என்று. அதை அடிப்பவர் இவர்.

இருபத்திரண்டு வருஷமாக அடிக்கிறார். பெயர் சொல்லி அவரை யாரும் கூப்பிடுவதில்லை. டாக்டர்கள் எழுதித் தரும் காகிதங்களில் கமா விட்ட இடத்தையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்புவார் என்பதால் கமா. நேரில் கமா சார். டாக்டர்கள் அவரிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது அந்த ரீஅட்மிட் என்ற வினைச்சொல்லுக்காகத்தான். ‘நோயாளி ரீஅட்மிட் செய்தார்’ என்று அவசரத்தில் கிறுக்கிக் கொடுப்பார்கள். இவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆவண அறைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு முதல் பாடமே அதுதான்.

“இது நோயாளி செய்யற வேலை இல்லம்மா. தமிழ்ல நாம ‘ஆஸ்பத்திரியில சேர்ந்துட்டார்’னு சொல்லிடுவோம், அவரே பஸ் பிடிச்சுப் போய்ச் சேர்ந்த மாதிரி. இங்கிலீஷ்ல அந்தக் கதை நடக்காது. ரீஅட்மிட் பண்ண ஆள் வேணும். ஆஸ்பத்திரியோ டாக்டரோ பண்ணணும். நோயாளி பண்ணப்படறவர். அவரை முன்னாடி கொண்டாரணும்னா ஒரு ‘வாஸ்’ போட்டுத்தான் கொண்டாரணும்.”

“அந்த ‘ரீ’ எதுக்கு சார்?”

“ஏற்கெனவே ஒரு தரம் சேர்த்து, குணமாயிடுச்சுன்னு அனுப்பியிருக்கணும். அந்த அனுப்பினது சரியில்லைங்கறதைத்தான் ‘ரீ’ சொல்லுது.”

“எங்க வீட்டுக்காரர் மாசம் ஒரு தரம் கோவிச்சுக்கிட்டுப் போறார் சார். திரும்ப நான்தான் சேர்த்துக்கறேன். அதுக்கு இதைப் போடலாமா?”

“தாராளமாப் போடலாம். ஃபைல் நம்பர் இருந்தா.”

இப்படிச் சிரிக்கச் சிரிக்கப் பாடம் எடுத்தவருக்கு, தன் மனைவியின் பேரை அந்த வினைச்சொல்லோடு சேர்த்து அடிக்க வேண்டி வந்தது. அவள் அங்கே வந்து படுத்தது அது மூன்றாவது தடவை.

மனைவிக்கு இதயம் பலவீனம். உடம்பில் நீர் தங்கிவிடும். கால் வீங்கும், வயிறு உப்பும், கடைசியில் மூச்சில் வந்து நிற்கும். முதல் தடவை படுத்தபோது இவர் மூன்று நாள் சாப்பிடவில்லை. இரண்டாவது தடவை சாப்பிட்டார். ஆனால் அந்தத் தடவைதான் எட்டாம் கட்டிலுக்கு அந்தத் தையல்காரி வந்து சேர்ந்தாள்.

அவளுக்கும் அதே வியாதி. வயது இவர் மனைவியைவிட நாலு கம்மி. தனி ஆள். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, ஆஸ்பத்திரிக் கவுனைத் தானே பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். இவர் மாலையில் பார்க்கப் போகும்போது இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். இவரைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிடும்.

“என்ன சிரிப்பு?”

“ஒண்ணுமில்லீங்க. சும்மா.”

“சொன்னா நானும் சிரிப்பேன்ல.”

“உங்களுக்குச் சிரிப்பு வராதுங்க இதுக்கெல்லாம்.”

இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறார். தன் மனைவிக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தெரியும் என்பதே அவருக்கு அந்த வார்டில்தான் தெரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் தனக்கு வராத ஒன்று, பக்கத்துக் கட்டில்காரிக்குப் பத்து நாளில் வந்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வயிறு எரிந்தது. இன்னொரு ஆம்பிளையாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லலாம், சண்டை போடலாம். ஒரு தையல்காரி மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்ல?

போதாததற்கு அவள் இவரை அண்ணே என்றாள். “அண்ணே, அண்ணிக்குக் காலைத் தொங்கப் போட விடாதீங்க. தலகாணி வச்சு உயர்த்துங்க.” பேப்பர் பேப்பராக இதய நோயைப் பற்றி அடித்துத் தள்ளியவருக்கு ஒரு தையல்காரி பாடம் எடுத்தாள்.

இரண்டாம் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். தினமும் காலையில் எழுந்து, பாத்ரூம் போய்விட்டு, ஒன்றும் சாப்பிடாமல், ஒரே மாதிரி உடுப்பில் எடை பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் நீர் சேருகிறது என்று அர்த்தம். உடனே வார்டுக்கு போன் செய்ய வேண்டும். எடை மெஷினில் கட்டைவிரல் நகம் அளவு கண்ணாடிக்குள் எண் மினுங்கும், மூன்று நொடியில் அணைந்துவிடும். மனைவி குனிந்தால் மூச்சு முட்டும். ஆகவே அவள் ஏறி நிற்பாள், இவர் குனிந்து படித்துச் சொல்வார், நோட்டில் எழுதுவார். அவர் எழுதினால் ஒரு புள்ளி பிசகாது என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

ஒன்பது நாள் பிசகவில்லை.

பிசகாமல் நடந்த இன்னொன்று, மாலை ஐந்து மணி போன். மனைவி படுக்கையறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். தையல்காரிதான் மறுமுனையில். இவர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினெட்டு நிமிஷம். இருபத்தொரு நிமிஷம். ஒரு நாள் இருபத்தாறு. இவரோடு அவள் ஒரு நாள் முழுக்கப் பேசுவதைக் கூட்டினால் இருபத்தாறு நிமிஷம் தேறாது.

“அப்படி என்னதான் பேசுவீங்க?”

“காலைப் பத்திதான்.”

“காலைப் பத்தி இருபத்தாறு நிமிஷமா?”

“ரெண்டு கால் இருக்குல்ல.”

அவள் முகத்தில் சிரிப்புக்கூட இல்லை. அதுதான் அவரை இன்னும் சுட்டது.

ஒருநாள் அவள் ஏதோ இஞ்ச் டேப் பற்றிச் சொல்ல வந்தாள். கணுக்காலைச் சுற்றி அளந்தால் வீக்கம் தெரிகிறதாம், தையல்காரி சொன்னாளாம். “இனிமே டாக்டருக்குப் படிக்கிறவங்க எல்லாம் டெய்லர் கடைக்குப் போகட்டும்” என்றார் இவர். அவள் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் தையல்காரி மறுபடியும் எட்டாம் கட்டிலில் படுத்துவிட்டாள் என்று தகவல் வந்தது. மாலையில் வழக்கம்போல் போன். கதவுக்குப் பக்கத்தில் செருப்பைத் தேடுவது போல இவர் நின்றார். உள்ளே மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது.

“இங்க இருக்கறதுக்கு அங்க வந்துட்டாத் தேவலைன்னு இருக்கு. நீயாவது பக்கத்துல இருப்பே.”

அவ்வளவுதான். சீக்குப் படுக்கையை அவள் வீட்டைவிட மேலாக நினைக்கிறாள்.

மறுநாள் காலை அவள் மெஷினில் ஏறினாள். அறுபத்து மூன்று கிலோ ஐந்நூறு. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல். போன் செய்தால் வண்டி வரும். வண்டி வந்தால் ஏழாம் கட்டில். ஏழாம் கட்டிலுக்குப் பக்கத்தில் எட்டு.

“எவ்வளவுங்க?”

“அறுபத்தொண்ணு நானூறு.”

அந்த எண் நாக்கில் அத்தனை சுலபமாக வந்தது. நோட்டிலும் அழகாக எழுதினார். இரண்டே நாள், தானே இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். சமையலில் உப்பை அறவே நிறுத்தினார். அவள் குடிக்கும் தண்ணீரில் ஒரு டம்ளர் குறைத்தார். அவள் கேட்பதற்கு முன்னாலேயே கால் பிடித்துவிட்டார். எடை இறங்கவில்லை, ஏறியது. இவர் எழுதியது மட்டும் ஏறவில்லை. ஒரே எண்ணை எழுதினால் சந்தேகம் வரும் என்று ஒரு நாள் அறுபத்தொண்ணு ஐந்நூறு, ஒரு நாள் அறுபத்தொண்ணு முந்நூறு என்று கைவேலை காட்டினார். ஒரு நாளைக்கு ஒரு பொய். ஒன்பது நாளைக்கு ஒன்பது.

பதினெட்டாம் நாள் அவர் வேலையில் இருந்தபோது வார்டிலிருந்து வண்டி போய் அவளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டது. யார் சொல்லிப் போனது என்பது அவருக்குக் கூட்டத்தில்தான் தெரிந்தது.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். சின்ன வயசு, ஆனால் பேச்சில் அவசரம் கிடையாது.

“எனக்கு ஒரே குழப்பமா இருக்கு. முந்தாநாள் காலைல வரைக்கும் அறுபத்தொண்ணு நானூறு. சாயங்காலம் இங்க எடை பார்த்தா அறுபத்தாறு இருநூறு. ஒரே பகல்ல அஞ்சு கிலோ ஏறுமா? அப்படி ஏறினா நெஞ்சுல புதுசா ஏதோ நடந்திருக்குன்னு அர்த்தம். நாளைக்குக் காலைல குழாய் விட்டு டெஸ்ட் பண்ணிடலாம்னு இருக்கேன்.”

“அவங்களுக்குக் கிட்னி ஏற்கெனவே சரியில்லை டாக்டர்” என்றார் தலைமை நர்ஸ். “அந்த டெஸ்டுக்கு விடற மருந்தை ஏத்தினா தாங்குமா?”

“தாங்காமப் போகலாம். தெரியும். ஆனா பார்க்காம விட்டா அதைவிட மோசம்.”

உண்மையைச் சொல்லிவிடக் கணவர் நாற்காலியை முன்னால் இழுத்தார். வாயைத் திறந்தார். வந்தது வேறு.

“வெளி ஆளுங்க சகவாசம் டாக்டர். போன்லயே யோசனை சொல்றாங்க. எதைத் தின்னச் சொன்னாங்களோ, எத்தனை உப்போ. நான் வேலைக்கு வந்துடறேன், வீட்ல என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

சொல்லும்போது அவர் தையல்காரியைப் பார்க்கவில்லை. எல்லாரும் பார்த்தார்கள்.

தையல்காரி கையில் ஊசி குத்தியிருந்த இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “உப்பு விஷயம் எனக்குத் தெரியாதுண்ணே. முந்தாநாள் மத்தியானம் போன் பண்ணினப்போ அண்ணி ஒரு வாக்கியத்தை மூணு இடத்துல நிறுத்திப் பேசினாங்க. எனக்கு அப்படி ஆனா அடுத்த நாள் நான் இங்க இருப்பேன். அதான் சிஸ்டர்கிட்ட சொன்னேன். அவங்க வண்டி அனுப்பினாங்க.” பிறகு மடியிலிருந்த துணிப்பையில் கைவிட்டு ஒரு நீளமான நோட்டை எடுத்தாள். அட்டை எண்ணெய்ப் பிசுக்கு. “இதைப் பாருங்க டாக்டர்.”

ரவிக்கை அளவு எழுதும் நோட்டு. தோள், மார்பு, கை நீளம் என்று யார் யாருடைய அளவுகளோ. ஒரு பக்கத்தில் மட்டும் தேதி வாரியாக ஒரே அளவு. ஏழாம் கட்டிலின் இடது கணுக்கால்.

“தினம் சாயங்காலம் அண்ணி காலைத் தூக்கிக் கட்டில்மேல வச்சு அளந்து சொல்லுவாங்க. நான் எழுதுவேன். எட்டே முக்கால் இஞ்ச்ல ஆரம்பிச்சது. ஒம்போதாம் நாள்ல இருந்து ஏறிக்கிட்டே போய்ப் பத்தரை. ஒரு நாள்கூட இறங்கல. ஒரே பகல்ல ஏறின காலில்லை இது. மாத்திரையைக் கூட்டச் சொல்லுங்கன்னு அண்ணிகிட்ட சொன்னேன். எடை சரியா இருக்குன்னு அண்ணன் சொல்றாரேன்னாங்க. சரி, மெஷின் சொல்லும்போது டேப் யாருன்னு நானும் விட்டுட்டேன்.”

டாக்டர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று ஏணி மாதிரி ஏறியது. மற்றது தரை மாதிரி கிடந்தது.

மருந்தகத்துக்காரருக்கு மனசு இளகிய சுபாவம். இவரோடு பத்து வருஷம் ஒன்றாக டீ குடித்தவர். “மெஷின் கோளாறா இருக்கும் டாக்டர்” என்றார். “பேட்டரி போனா எங்க வீட்டு மெஷினும் கண்டதைக் காட்டும். கமா சார் எழுதினா தப்பு வராது.”

“மெஷின் கோளாறுன்னு உறுதியாத் தெரிஞ்சா டெஸ்ட் வேண்டாம். நீர் இறங்க மருந்து மட்டும் போதும்” என்றார் டாக்டர். “ஆனா ஒரு இஞ்ச் டேப்பை மட்டும் நம்பி நான் டெஸ்டை நிறுத்த முடியாது. சார், மெஷின் எப்படி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

ஆமாம், கோளாறு என்று ஒரு சொல் போதும். டெஸ்டும் நிற்கும், மானமும் நிற்கும். அவரும் அதைத்தான் சொல்லப் போனார். அப்போது தையல்காரி அவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், பாவம் என்று பார்த்தாள். “மெஷினாத்தான் இருக்கும் டாக்டர்” என்றாள் அவளே. “அண்ணன் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கிறவர்.”

அதை அவரால் தாங்க முடியவில்லை. மனைவியின் உயிரைக் காப்பாற்றியதும் இவள். இப்போது தன் மானத்தைக் காப்பாற்றுவதும் இவளா? மிச்சம் தனக்கென்று என்னதான் இருக்கிறது? நேர்மை என்றோ மனசாட்சி என்றோ பின்னாளில் அவர் சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த நிமிஷத்தில் அது பொறாமை, வேறொன்றும் இல்லை.

“மெஷின் நல்லாத்தான் இருக்கு” என்றார். “நான்தான் குறைச்சு எழுதினேன். ஒம்போது நாள். நிஜ எடை எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. சொல்றேன், எழுதிக்குங்க.”

அறுபத்து மூன்று ஐந்நூறில் ஆரம்பித்து, தேதி விடாமல், புள்ளி பிசகாமல் ஒன்பது எண்ணையும் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டு, டெஸ்ட் வேண்டாம் என்று நர்ஸிடம் சொன்னார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. தலைமை நர்ஸ் கேட்க வாயெடுத்து, தையல்காரியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மருந்தகத்துக்காரர் மேஜையின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அடிங்க சார்” என்றார் டாக்டர் கடைசியில். “வார்டு ரீஅட்மிட் பண்ணினது, சக நோயாளி கொடுத்த தகவல்ல. தாமதம் ஆனது, வீட்ல எடையைத் தப்பா எழுதினதால. எழுதினது யாருன்னு போட்டாகணும்.”

போட்டார். வினைச்சொல், கர்த்தா, கமா எல்லாம் அதனதன் இடத்தில். வாசித்துக் காட்டுவது வழக்கம். வாசித்தார். கால் மணி நேரக் கூட்டம் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம். ஏழாம் கட்டிலில் மனைவி மூன்று தலகாணியில் சாய்ந்திருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தது, முகத்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. தையல்காரி இவரைக் கண்டதும் கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு, நடந்துவிட்டு வருகிறேன் என்று வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

இவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எடை விஷயம்” என்றார்.

“தெரியும்.”

“அவ சொல்லிட்டாளா?”

“அவ ஒண்ணும் சொல்லல. எனக்கு முன்னாடியே தெரியும்.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “அந்த வெளிச்சம் மூணு நொடியில அணைஞ்சிடும். நீங்க அணைஞ்சப்புறமும் குனிஞ்சே இருந்தீங்க. தினம் கொஞ்சம் கொஞ்சம் அதிக நேரம்.”

“தெரிஞ்சா கேட்டிருக்கலாம்ல?”

“நீங்களாச் சொல்வீங்கன்னு பார்த்தேன். நாளைக்குச் சொல்வாரு, நாளைக்குச் சொல்வாருன்னு.”

“செத்துப் போயிருப்பேடி.”

“ஆமா.”

அதற்கு மேல் அவள் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“இங்க வந்துட்டாத் தேவலைன்னு நீ அவகிட்ட சொன்னதைக் கேட்டேன்” என்றார். “அதான்.”

அவள் யோசித்தாள். “சொன்னேன். அன்னிக்கு நான் மூணு தரம் மூச்சு வாங்குதுன்னேன். நீங்க மூணு தரமும் போன் எத்தனை நிமிஷம்னு கேட்டீங்க. அவகிட்ட ஒரு தரம் சொன்னாப் போதும்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கிளம்பவில்லை.

“சனிக்கிழமை அனுப்பிடுவாங்களாம்” என்றாள். “ரெண்டு பேரையும். நான் அவ வீட்டுக்குப் போறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“தெரியல. அவ கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. அவ எடையை நான் பார்க்கிறேன், என் எடையை அவ பார்ப்பா. மாடிப்படி ஏற வேண்டியதில்லை.”

“நான் இனிமே சரியாப் பார்ப்பேன்.”

“பார்ப்பீங்க. பக்கத்துல உட்கார்ந்து எழுதக்கூடச் செய்வீங்க.” அவள் கையை எடுத்து அவர் முழங்கையின் மேல் வைத்தாள். வீங்கிய விரல், மோதிரத்தைக் கழற்றிவிட்டிருந்தார்கள். “ஆனா நீங்க சொல்ற எண்ணை நான் நம்பணும்ல. எனக்கு இப்ப அதுக்குத் தெம்பில்லீங்க.”

“நான் அங்க வந்து பார்க்கலாமா?”

“அவ வேண்டாம்னு சொல்ல மாட்டா. நீங்கதான் அவ மூஞ்சியைப் பார்க்கணும்.”

மணி அடித்தது. தையல்காரி வராந்தாவிலிருந்து திரும்பி வந்து எட்டாம் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். “வர்றேன்னு சொல்லிட்டுப் போங்கண்ணே, போறேன்னு சொல்லாதீங்க” என்றாள். அவள் குரலில் கிண்டலும் இல்லை, வெற்றியும் இல்லை. அவர் இரண்டையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

“வர்றேன்” என்றார் மனைவியிடம்.

கட்டில் வரிசையைத் தாண்டி வாசலுக்கு வருவதற்குள் பின்னால் ஏதோ கிசுகிசுப்பு. பிறகு வாயைப் பொத்திய சிரிப்பு, ஒன்று இருமலில் போய் முடிந்தது. தன்னைப் பற்றியா, வேறு எதையாவது பற்றியா என்று திரும்பிப் பார்க்கக் கழுத்து பரபரத்தது. வார்டு உதவியாளர் சாவிக் கொத்தோடு நின்றிருந்தார்.

“நேரமாச்சு கமா சார். மத்தவங்க எல்லாம் போயாச்சு.”

அவர் வெளியே வந்தார். உதவியாளர் கதவைச் சாத்தி, உள்பக்கமாகப் பூட்டினார்.